லைன் லீடரை வளர்க்க 32 காம்பிடென்சி தேவையா?

சகோதரி, நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா "காம்பிடென்சி மாடலா (ஆளுக்கு என்னென்ன திறன் வேணும்ங்கிற பட்டியல்), பெர்ஃபார்மன்ஸ் மாடலா (வேலையில என்ன ரிசல்ட் வரணும்ங்கிறது), எது சரி"ங்கிற கேள்வி மாதிரி இருக்கு, ஆனா முழுசா படிச்சா வேற. பினாங்கு பிறையில ஏறக்குறைய 200 பேர் வேலை செய்ற பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரி, கன்சல்டன்ட் ஒருத்தர் வந்து 32 காம்பிடென்சி உள்ள மேட்ரிக்ஸ், அதாவது மார்க் போடுற அட்டவணை, குடுத்துட்டுப் போயிட்டார், சூப்பர்வைசருங்க எல்லாருக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாருக்கும் 3 வந்துச்சு, ஒரு வருஷம் ஓடிப்போச்சு, ஒரு லைன் லீடர்கூட (ஒரு உற்பத்தி வரிசைக்கும் அதுல இருக்கிற ஆப்பரேட்டருங்களுக்கும் பொறுப்பானவர்) மாறல. இப்ப முதலாளி இதை வச்சே ஆளை வளர்க்கச் சொல்றார், இன்கிரிமென்ட்டையும் இதுலயே சேர்க்கச் சொல்றார், நீங்க போன செமினார்ல ஒருத்தர் இதைத் தூக்கிப் போட்டுட்டு பெர்ஃபார்மன்ஸ் மாடல் பண்ணுங்கன்னுட்டார். ஆக உங்க கேள்வி என்னன்னா, கையில இருக்கிற இந்தப் பேப்பரை வச்சு ஒரு ஆளை எப்படி வளர்க்கிறது, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, எவ்வளவு நாள்ல தெரியும். இதுக்குத்தான் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நான் எங்கேர்ந்து பேசுறேன்னு முதல்ல சொல்லிடறேன். பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட்ல ரொம்ப வருஷம் இருந்தேன், அதுக்கப்புறம் பிறை, பத்து காவான் பக்கம் இருக்கிற சின்ன, நடுத்தர கம்பெனிகளுக்குப் போய் சூப்பர்வைசர், லைன் லீடர், டெக்னீஷியன் இவங்களை வளர்க்கிற வேலையை செஞ்சுக்கிட்டு இருக்கேன். அதனால நான் சொல்றது ஃபேக்டரி ஃப்ளோருக்குப் பொருந்தும். ஆஸ்பத்திரி நர்ஸுக்கோ பேங்க் ஆபீசருக்கோ இதையே அப்படியே எடுத்துப் போடாதீங்க, அந்த இடங்கள்ல நான் வேலை செஞ்சதில்ல.

காம்பிடென்சிங்கிற யோசனை எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சாலே உங்க மேட்ரிக்ஸ்ல என்ன விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும். 1973ல ஹார்வர்ட்ல இருந்த உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட் ஒரு கட்டுரை எழுதினார். ஒருத்தர் வேலையில நல்லா வருவாரான்னு தெரிஞ்சுக்க ஸ்கூல் மார்க்கையும் ஐ.க்யூ. டெஸ்ட்டையும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க, அந்த வேலையை நல்லா செய்றவங்க என்ன செய்றாங்கன்னு போய்ப் பாருங்கங்கிறதுதான் அதோட சாரம். அந்தக் காலகட்டத்துல அவரும் அவரோட ஆளுங்களும் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஒரு வேலை செஞ்சாங்க. வெளிநாட்டுல வேலை பாக்குற தகவல் அதிகாரிகள்ல ரொம்ப நல்லா செய்றவங்களைத் தனியா எடுத்தாங்க, சுமாரா செய்றவங்களைத் தனியா எடுத்தாங்க, ரெண்டு பக்கமும் நடந்த சம்பவங்களை விலாவாரியா கேட்டு, எங்க வித்தியாசம் வருதுன்னு பாத்தாங்க. நல்லா செஞ்சவங்ககிட்ட தெரிஞ்சது என்னன்னா, வேற பண்பாட்டு ஆளு மனசுல என்ன ஓடுதுன்னு பிடிச்சுக்கிறது, எதிர்ல நிக்கிறவங்களும் மதிக்கத் தக்கவங்கதான்னு நம்புறது, அந்த ஊர்ல யார் சொன்னா யார் கேப்பாங்கன்னு சீக்கிரம் தெரிஞ்சுக்கிறது. இப்படி சம்பவத்தைக் கேக்குற முறைக்கு அடிப்படை அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு, ஜான் ஃப்ளானகன் ரெண்டாம் உலகப்போர் சமயத்து அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிலேர்ந்து எடுத்து 1954ல எழுதினது.

மெக்லெலண்ட் சொன்னதுல ஐ.க்யூ. பத்தின பாதி இன்னைக்கும் தீராத வாக்குவாதம். 1998ல ஷ்மிட்டும் ஹண்டரும் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பாத்துட்டு அறிவுத்திறன் டெஸ்ட் வேலைத்திறனை நல்லாவே முன்கூட்டி சொல்லுதுன்னாங்க, 2022ல சாக்கெட்டும் அவர் கூட இருந்தவங்களும் அதே கணக்கைத் திரும்பப் போட்டு, அவ்வளவு இல்ல, குறைவுதான்னாங்க. அந்தச் சண்டை நமக்கு வேணாம். நமக்கு வேண்டியது இன்னொரு பாதி: நல்லா செய்றவரையும் சுமாரா செய்றவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறது. அது எந்த ஃபேக்டரியிலும் செய்யலாம், அதோட பலனை நானே திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன்.

உங்க கன்சல்டன்ட் விட்டது அந்தப் பாதியைத்தான். 32 காம்பிடென்சியையும் ரெடிமேடா ஒரு அகராதிலேர்ந்து எடுத்திருப்பார், டீம்வொர்க், கம்யூனிகேஷன், இன்டெக்ரிட்டி, ப்ராப்ளம் சால்விங், லீடர்ஷிப், இதுல தப்பான வார்த்தை ஒண்ணுகூட இருக்காது, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, அதனாலதான் அது ஒண்ணுத்துக்கும் உதவல. உங்க ஃபேக்டரியில நைட் ஷிப்ட்ல ரிஜெக்ட் (கழிச்சுப் போடுற பார்ட்ஸ்) குறைவா வர்ற லைன் லீடர் என்ன செய்றார், பக்கத்து லைன்ல இருக்கிறவர் என்ன செய்யலங்கிறதை அந்த 32ல எதுவும் சொல்லாது. சூப்பர்வைசருக்கும் என்ன பாத்து மார்க் போடணும்னு தெரியாது, யாரையும் பகைச்சுக்காம 3 போட்டுட்டுப் போயிடுவார். அவர்மேல தப்பில்ல, அவர்கிட்ட குடுத்த ஃபாரம் அப்படி.

சரி, பெர்ஃபார்மன்ஸ் மாடல். இது எதிர்ப்பக்கத்துலேர்ந்து வர்றது. தாமஸ் கில்பர்ட்னு ஒருத்தர், 1978ல இதை ஒழுங்கா எழுதி வச்சவர், ஆளோட நடத்தையைப் பாக்குறதுக்கு முன்னாடி அவர் வேலை முடிச்சுட்டுப் போனப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்கன்னார். லைன் லீடர் ஷிப்ட் முடிச்சுட்டு வீட்டுக்குப் போனப்புறம் என்ன இருக்கு? எண்ணிக்கை சரியா இருக்கிற நல்ல பார்ட்ஸ், அடுத்த ஷிப்ட் தடங்கல் இல்லாம எடுத்துக்கிற மாதிரி ஒரு மெஷின், ஒரு நாள்ல கொஞ்சம் கூடுதலா கத்துக்கிட்ட ஒரு புது ஆப்பரேட்டர். இதுங்கதான் ரிசல்ட். பிறகு தொண்ணூறுகள்ல டேனா ராபின்சனும் ஜேம்ஸ் ராபின்சனும் இதை எச்.ஆர். ஆளுங்க கையில எடுத்துக்கிற மாதிரி ஒரு வரிசையாக்கிக் குடுத்தாங்க: கம்பெனிக்கு என்ன வேணும், அதுக்கு இந்த வேலையில இருக்கிறவர் என்ன ரிசல்ட் தரணும், நல்லா செய்றவர் அதை எப்படித் தர்றார், அதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும், சுத்தி இருக்கிறதுல எது உதவுது, எது தடுக்குது. பாருங்க, காம்பிடென்சி இந்த வரிசைக்குள்ளயே இருக்கு, ஆனா நாலாவது இடத்துல இருக்கு. செமினார்ல தூக்கிப் போடச் சொன்னவர் பாதிதான் சரி. தூக்கிப் போட வேணாம், மேலேர்ந்து இறங்கி வாங்க. முதல்ல ரிசல்ட்டு, அதுக்கப்புறம் நல்லா செய்றவரோட செயல், அதுலேர்ந்து காம்பிடென்சியை எடுங்க. அப்படி எடுத்தா 32 வராது, ஏழோ எட்டோ வரும்.

உங்க வேலையையே உதாரணமா எடுத்துக்கலாம். லைன் லீடர் வேலை ஒண்ணை மட்டும் எடுங்க, மேனேஜர்லேர்ந்து க்ளீனர் வரைக்கும் எல்லாத்தையும் ஒரே வருஷத்துல செய்யணும்னு நினைக்காதீங்க. கடந்த சில மாச நம்பரைப் பாத்து யார் நல்லா செய்றாங்கன்னு கண்டுபிடிங்க, மேனேஜர்கிட்ட கேட்டா அவருக்குப் பிடிச்ச ஆளைத்தான் காட்டுவார். நம்பர்லயும் ஒரு கவனம் வேணும்: புது மெஷின், சுலபமான மோல்ட் (அச்சு) கிடைச்சவருக்கு ரிஜெக்ட் தானாவே குறையும், அதனால ஒரே மெஷின், ஒரே மோல்ட், வேற வேற ஷிப்ட், இப்படி வச்சு ஒப்பிடுங்க. நல்லா செய்றவங்க ரெண்டு மூணு பேர், சுமாரா செய்றவங்க ரெண்டு மூணு பேர். யார் எந்தக் குழுன்னு அவங்ககிட்ட சொல்லக்கூடாது. தனித்தனியா உக்கார வச்சு, போன மாசம் ஷிப்ட்ல சிக்கலான ஒரு நாளைப் பத்தி சொல்லுங்கண்ணே, முதல்ல என்ன பாத்தீங்க, அப்ப என்ன நினைச்சீங்க, என்ன செஞ்சீங்க, அப்புறம் என்ன ஆச்சு, இப்படிக் கேளுங்க. "நல்ல லைன் லீடர் எப்படி இருக்கணும்"னு மட்டும் கேட்டுடாதீங்க, கேட்டா எல்லாரும் பொறுமை வேணும், பொறுப்பு வேணும்னு பொதுவா சொல்லி முடிச்சிடுவாங்க. அதோட ரெண்டு குழுவையும் ஷிப்ட் மாறுற நேரத்துல கூடவே நின்னு பாருங்க, ஏன்னா ரொம்ப நல்லா செய்றவருக்குத் தான் என்ன செய்றோம்னு சொல்லத் தெரியாது, கை தானா செய்யும்.

அப்படிப் பாத்தா என்ன கிடைக்கும்னு மோல்டிங் ஃப்ளோர்ல நான் பாத்ததை வச்சு சொல்றேன். பாலிகார்பனேட், நைலான் மாதிரி ரெசின், அதாவது பிளாஸ்டிக் மூலப்பொருள், காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும், பாலிகார்பனேட்டை ஏறக்குறைய 120 டிகிரியில மூணு நாலு மணி நேரம் ட்ரையர்ல காய வைக்காம மெஷின்ல போட்டா பார்ட்ஸ்மேல வெள்ளிக்கோடு கோடா வரும், மொத்தமும் ரிஜெக்ட். சுமாரா செய்ற லைன் லீடருக்கும் இது தெரியும், கேட்டா அழகா சொல்வார். வித்தியாசம் எங்கன்னா, நல்லா செய்றவர் தன் ஷிப்ட் முடியிறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே அடுத்த ஷிப்ட் ப்ளானைப் பாத்து, அவங்களுக்கு வேண்டிய ரெசினை ட்ரையர்ல போட்டுட்டுப் போவார். அது அவர் ரிஜெக்ட் கணக்குல வராது, வேற ஒருத்தர் கணக்குல வரும், இருந்தும் செய்வார். அதே மாதிரி, மெஷினை எடுத்துக்கும்போது லாக் புக்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கடைசியா வந்த அஞ்சு பார்ட்ஸைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாப்பார். புது ஆப்பரேட்டர் வந்தா முதல் நாளே நல்ல பார்ட் ஒண்ணு, கெட்ட பார்ட் ஒண்ணு ரெண்டையும் மெஷின் பக்கத்துல தொங்க விடுவார், ஏன்னா நேப்பாளத்துலேர்ந்து வந்த பையனுக்கு மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது. இப்ப "ப்ளானிங் திறன் 1லேர்ந்து 5"ங்கிற வரிக்குப் பதிலா "அடுத்த வேலைக்கான ரெசின் தன் ஷிப்ட் முடியிறதுக்குள்ள ட்ரையர்ல இருக்கா"ன்னு எழுதுங்க. சூப்பர்வைசர் போய்ப் பாத்தா இருக்கு, இல்லைன்னு சொல்லிடலாம், 3 போட இடமே இல்ல. லைன் லீடருக்கும் தான் என்ன செய்யணும்னு தெரியும்.

இந்த இடத்துல எனக்கு மனசு ரொம்ப வருத்தப்படுற ஒரு விஷயத்தை சொல்லாம போக முடியாது. அந்த ரெடிமேட் லிஸ்ட்ல இருக்கிற "கம்யூனிகேஷன் ஸ்கில்" நம்ம ஊர் ஃபேக்டரியில எப்படி அளக்கப்படுதுன்னா, மீட்டிங்ல இங்கிலீஷ்ல பேசுறாரா, ரிப்போர்ட் இங்கிலீஷ்ல எழுதுறாரான்னு. நான் போன ஒரு கம்பெனியில, எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில படிச்சு, இடைநிலைப்பள்ளியைப் பாதியில விட்டுட்டு, பதினெட்டு வயசுல ஆப்பரேட்டரா உள்ள வந்த ஒரு அண்ணன், நேப்பாளி, பங்களாதேஷ், மியன்மார் பையங்களையெல்லாம் பாசார் மலாயும் கைஜாடையும் வச்சே ஓட்டுவார், டெக்னீஷியன்கிட்ட பினாங்கு ஹொக்கியன்ல பேசி மெஷினை சரி பண்ண வச்சிடுவார், அவர் ஷிப்ட்ல ஆள் வேலையை விட்டுப் போறதே அபூர்வம். கம்யூனிகேஷன்ல அவருக்கு 2. இங்கிலீஷ் நல்லா பேசுற, ஆனா ஆப்பரேட்டர் பக்கமே போகாத ஒருத்தருக்கு 4. இப்படி எத்தனை பேர் சீனியர் ஆப்பரேட்டர், லைன் லீடர்ங்கிற பேரோடயே ரிட்டயர் ஆகிப் போயிட்டாங்க. சகோதரி, நீங்க எழுதுற மாடல்ல மொழியை அந்த வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் எழுதுங்க. லைன் லீடருக்கு வேண்டியது "புது ஆப்பரேட்டர் ரெண்டாவது நாள் கெட்ட பார்ட்டைத் தானே பிரிச்சு எடுக்கிறானா"ங்கிறது. சூப்பர்வைசரா போறதுக்கு கஸ்டமர்கிட்ட இங்கிலீஷ்ல பேச வேண்டி வரும்னா, அதை சூப்பர்வைசர் வேலைக்கு எழுதி, அந்த அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்லி, கத்துக்க வழியும் பண்ணிக் குடுங்க.

மாடல் எழுதினதும் உடனே கோர்ஸுக்கு அனுப்பக் கூடாது, ஒரு படி இருக்கு நடுவுல. கில்பர்ட் ஆறு கட்டம் போட்டார், மூணு ஆளைச் சுத்தி இருக்கிறது, மூணு ஆளுக்குள்ள இருக்கிறது. சுத்தி இருக்கிறது தகவல், கருவி, பலன். உள்ள இருக்கிறது அறிவு, சக்தி, மனசு. முதல்ல வெளிய இருக்கிற மூணைப் பாருங்கங்கிறது அவரோட வாதம், சரி பண்ண செலவும் அங்கதான் பெரும்பாலும் கம்மி. ட்ரையர் விஷயத்துலயே பாருங்க. அடுத்த ஷிப்ட் ப்ளான் லைன் லீடர் கைக்கு எத்தனை மணிக்கு வருது? ஷிப்ட் முடியிறதுக்கு அரைமணி முன்னாடிதான் வருதுன்னா, அவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் நாலு மணி நேரம் முன்னாடி ரெசின் போட முடியாது. காலியா ட்ரையர் இருக்கா? கோடு விழுறதைப் பாத்ததும் மெஷினை நிறுத்தினா அன்னைக்கு அவுட்புட் குறையுது, மேனேஜர் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேள்வி கேக்குறார், நிறுத்தாம ஓட்டி ரிஜெக்ட்டை க்யூ.சி. (தரச் சோதனை) ஆளுங்க தலையில தள்ளினவரை ஒண்ணும் கேக்கல. அப்ப அந்தக் கம்பெனி மெஷினை நிறுத்தாதேன்னுதான் கத்துக் குடுக்குது, நீங்க ரெண்டு நாள் குவாலிட்டி கோர்ஸ் போட்டு அதை மாத்த முடியாது. நல்ல ஆளைக் கெட்ட ஏற்பாட்டுக்குள்ள போட்டா பெரும்பாலும் ஏற்பாடுதான் ஜெயிக்கும்னு ரம்லரும் ப்ரேக்கும் 1990லயே எழுதிட்டாங்க. ராபர்ட் மேகர் ஒரு கேள்வி வச்சிருந்தார், கட்டாயம்னு வந்தா அந்த ஆளால இதைச் செய்ய முடியுமான்னு. முடியும்னா அவருக்கு ட்ரெய்னிங் தேவையில்ல, வேற ஏதோ தடுக்குது, அதைத் தேடுங்க.

நம்ம நாட்டுல இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வைக்கிறது லெவி, அதாவது ட்ரெய்னிங்குக்குன்னு கம்பெனிங்க கட்டுற காசு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதை வசூலிக்கிற எச்.ஆர்.டி. கார்ப்புக்குக் கீழ வர்ற தொழில்கள்ல 10 மலேசியத் தொழிலாளிங்களோ அதுக்கு மேலயோ இருந்தா சம்பளத்துல 1 சதவீதம் கட்டணும், அந்தக் காசை ட்ரெய்னிங்குக்குத்தான் எடுக்கலாம். வருஷக் கடைசியில லெவி கிடக்குதே, வீணாப் போயிடுமேன்னு ஹோட்டல்ல ரெண்டு நாள் லீடர்ஷிப் கோர்ஸ் புக் பண்றாங்க. காசு கோர்ஸுக்கு மட்டும்தான் வரும்ங்கிறப்ப எல்லாப் பிரச்சினையும் கோர்ஸ் பிரச்சினையாவே தெரிய ஆரம்பிச்சிடும், ப்ளான் போடுற நேரத்தை மாத்துறதுக்கு க்ளெய்ம் ஃபாரம் கிடையாது. இன்னொண்ணு, லெவி மலேசியருக்கு மட்டும்தான், உங்க ஃப்ளோர்ல வெளிநாட்டு ஆப்பரேட்டருங்க நிறைய இருந்தா அவங்க கத்துக்கிறது முழுக்க லைன் லீடர் கையில. அதனால லெவியை எடுத்தா, லைன் லீடருக்கு வேலை சொல்லிக் குடுக்கிற முறையைக் கத்துக் குடுக்கிற கோர்ஸுக்கு முதல்ல எடுங்க. 1989லேர்ந்து நடக்கிற பி.எஸ்.டி.சி. (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்) நம்ம பக்கத்துலயே இருக்கு, கம்பெனிங்க சேர்ந்து உருவாக்கின இடம், என்ன கோர்ஸ் இருக்குன்னு நேர்ல போய்க் கேளுங்க.

வெளிய இருக்கிற தடையை எடுத்தப்புறம் உண்மையிலேயே திறன் குறை இருக்குன்னா, அங்கதான் வளர்க்கிற வேலை. எனக்குத் தெரிஞ்சு பலன் குடுக்கிறது ஒரு நேரத்துல ஒரு செயல், அதுக்கு ஒரு நிஜ வேலை, அதைப் பாத்து சொல்ல ஒரு ஆள். இந்த ரெண்டு மாசம் நீங்க மோல்ட் சேஞ்ச் ப்ளானிங் மட்டும் பாத்துக்கங்கன்னு ஒரு லைன் லீடர்கிட்ட குடுங்க, நல்லா செய்றவர் கூட சில ஷிப்ட் நிக்க விடுங்க, அப்புறம் அவரே செய்யட்டும், சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உக்காந்து இந்த வாரம் எந்த சேஞ்ச் சரியா போச்சு, எது போகல, ஏன்னு கேக்கட்டும். 32 குறையையும் லிஸ்ட் போட்டு கையில குடுத்தா எந்த மனுஷனும் வளர மாட்டான், அவமானம்தான் மிஞ்சும். கத்துக்கிறதுல 70 சதவீதம் வேலையில, 20 ஆளுங்ககிட்ட, 10 கிளாஸ்லன்னு உங்களுக்கு ஸ்லைடு காட்டியிருப்பாங்க. எண்பதுகள்ல அமெரிக்காவுல மேனேஜருங்ககிட்ட நீங்க எதுலேர்ந்து கத்துக்கிட்டீங்கன்னு கேட்ட ஆராய்ச்சிலேர்ந்து வந்த கணக்கு அது, அவங்களே நினைவுலேர்ந்து சொன்னது. வேலையில கத்துக்கிறது அதிகம்ங்கிற திசை சரின்னு என் அனுபவமும் சொல்லுது, அந்த நம்பரை அப்படியே பட்ஜெட்டுக்கு விதியா எடுத்துக்காதீங்க.

அப்புறம், எல்லாத்தையும் வெறும் பேப்பர்லேர்ந்து எழுத வேணாம். ஜபாத்தான் பெம்பாங்குனான் கெமாஹிரானோட (திறன் மேம்பாட்டு இலாகா) நோஸ்ங்கிற தேசியத் தொழில்திறன் தரநிலையை எடுத்துப் பாருங்க, உங்க துறைக்கு இருந்தா அதுல எந்தெந்த வேலை, எந்த அளவுகோல்னு வரிசையா இருக்கும். டெக்னிக்கல் பக்கத்துக்கு அது நல்ல அஸ்திவாரம், ஆனா அது ஒரு தொழில்ல எல்லாருக்கும் இருக்க வேண்டிய அடிப்படையைச் சொல்லும், உங்க ஃப்ளோர்ல நல்லவரையும் சுமாரானவரையும் பிரிக்கிறது எதுன்னு சொல்லாது, அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதைவிட முக்கியம், அதே இலாகாவுல பி.பி.டி. முறை இருக்கு, கிளாஸ் போகாமலே வேலை அனுபவத்தை ஆதாரத்தோட காட்டி எஸ்.கே.எம்.ங்கிற மலேசியத் திறன் சர்ட்டிபிகேட் வாங்கலாம். மேல சொன்ன அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு இதை ஏற்பாடு பண்ணிக் குடுங்க. உங்க கம்பெனியை விட்டுப் போனாலும் அது அவர் கையில இருக்கும், அதுக்குப் பயந்து பண்ணாம இருக்காதீங்க.

இன்கிரிமென்ட்டோட சேர்க்கிறது பத்தி. வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லுங்க, குறைஞ்சது முதல் ரெண்டு வருஷத்துக்கு. காரணம் ரெண்டு. ஒண்ணு, சூப்பர்வைசர் போடுற மார்க்கு நாம நினைக்கிற அளவுக்கு ஆளை அளக்கல. 2000த்துல ஸ்கல்லென், மவுன்ட், காஃப் மூணு பேரும் மேனேஜருங்களுக்கு மேலதிகாரி, சக ஊழியர், கீழ வேலை செய்றவங்க போட்ட மார்க்கைப் பிரிச்சுப் பாத்தாங்க, மார்க்குல இருந்த வித்தியாசத்துல பாதிக்கும் மேல மார்க் போட்ட ஆளோட தனிப்பட்ட போக்குலேர்ந்து வந்தது, மார்க் வாங்கினவரோட திறன்லேர்ந்து வந்தது அதைவிடக் கம்மி. அதை வச்சு ஒருத்தர் சம்பளத்துல கை வைக்கிறது நியாயமில்ல. ரெண்டு, காசு வந்துட்டா யாரும் எனக்கு இது தெரியலன்னு சொல்ல மாட்டாங்க, தெரியலன்னு சொன்னாத்தானே கத்துக் குடுக்க முடியும். அரசாங்கத்துலயே இது நடந்திருக்கு, 2002ல புது சம்பள முறையோட பி.டி.கே.ன்னு திறன் மதிப்பீட்டைக் கொண்டு வந்து பதவி உயர்வு, சம்பளத்தோட கோர்த்தாங்க, பரீட்சைக்குப் படிக்கிற வேலையாப் போச்சுன்னு ஊழியருங்க வருஷக்கணக்கா குறை சொன்னாங்க, 2011ல அதை எடுக்கிறதா அறிவிச்சாங்க. முதலாளிக்குக் காசை எதோடயாவது கோர்க்கணும்னா ரிசல்ட்டோட கோர்க்கட்டும், அதுவும் லைன் லீடர் கட்டுப்பாட்டுல இருக்கிற ரிசல்ட்டோட. ஆளை நிறுத்துறதுக்கு இந்த மேட்ரிக்ஸைக் காரணமா காட்டலாம்னு அவர் மனசுல இருந்தா அதையும் இப்பவே பேசிடுங்க. 1967 தொழிலுறவுச் சட்டம் 20வது பிரிவுல கேஸ் போச்சுன்னா எச்சரிக்கை குடுத்தீங்களா, திருந்த நியாயமான வாய்ப்பு குடுத்தீங்களான்னுதான் தொழில் நீதிமன்றம் பாக்கும். நான் வக்கீல் இல்ல, அந்தப் பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க.

எதுல உறுதி, எதுல சந்தேகம்னும் பிரிச்சு சொல்லிடறேன். ரிசல்ட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும், நல்லா செய்றவரைப் போய்ப் பாக்கணும், கோர்ஸுக்கு முன்னாடி சுத்தி இருக்கிறதை சரி பண்ணணும், இந்த மூணுலயும் எனக்கு சந்தேகமே இல்ல. சந்தேகம் எங்கன்னா, உங்க ஃபேக்டரியில லைன் லீடர் பத்துப் பன்னெண்டு பேர்தான் இருப்பாங்க, அதுல மூணு பேரைப் பாத்து எழுதுறது ஆராய்ச்சி ஆகாது, அது ஒரு நல்ல ஊகம், ஃப்ளோர் ஆளுங்ககிட்ட காட்டி இது சரியாண்ணே, எதாச்சும் விட்டுப்போச்சான்னு கேட்டு வருஷா வருஷம் திருத்தணும். மனசு சம்பந்தப்பட்டது, அதாவது தன் கணக்குல வராத ரெசினையும் ஒருத்தர் ஏன் போட்டுட்டுப் போறார்ங்கிற அந்தக் குணம், அதை எவ்வளவு தூரம் ட்ரெய்னிங்ல கொண்டு வரலாம்ங்கிறதுல படிச்சவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. மெக்லெலண்டே அதெல்லாம் வளர்க்க முடியும்னு நம்பினார், அவர் வழியில வந்தவங்கள்ல பலர் அப்படிப்பட்ட குணத்தை ஆள் எடுக்கும்போதே பாத்து எடுக்கிறது சுலபம்னாங்க. நான் பாத்தவரைக்கும் செயலைப் பழக்கிடலாம், குணத்தைப் பழக்கினேன்னு நெஞ்சுல கை வச்சு என்னால சொல்ல முடியாது.

கடைசியா, எவ்வளவு நாள்ல தெரியும்னு கேட்டிருந்தீங்க. லைன் லீடர் ஒரு வேலைக்கு மாடல் எழுத, மத்த வேலைகளுக்கு நடுவுல, ஒரு ரெண்டு மாசம் வச்சுக்கங்க. ப்ளான் நேரம், ட்ரையர் மாதிரி வெளித்தடை எடுத்தா சில வாரத்துலயே நம்பர்ல தெரியும். ஆள் வளர்றது ஆறு மாசத்துக்குக் குறைஞ்சு தெரியாது, முதலாளிகிட்ட இப்பவே அதை சொல்லி வச்சிடுங்க. எதை வச்சு அளக்கப் போறீங்கங்கிறதையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. உங்க இடத்துல நானா இருந்தா மோல்ட் சேஞ்ச்சுக்கு ஆகுற நேரம், சேஞ்ச் ஆனப்புறம் முதல் ஒரு மணி நேரத்துல வர்ற ரிஜெக்ட், புது ஆப்பரேட்டர் மூணு மாசத்துக்குள்ள வேலையை விடுறது, இந்த மூணை எடுப்பேன். போன மூணு மாசத்து நம்பரை லாக் புக்லேர்ந்து இந்த வாரமே எடுத்து, ஷிப்ட் வாரியா, மெஷின் வாரியா எழுதி வச்சிடுங்க, ஒரு தடவை வேலையை ஆரம்பிச்சுட்டா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் திருப்பி எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். அந்த நம்பரை எடுத்தப்புறம் எங்கயாவது மாட்டிக்கிட்டீங்கன்னா, கம்பெனி பேர் போடாம, இங்கயே எழுதுங்க, பாத்து சொல்றேன்.